ஒரே அட்டவணையில் அடங்காத விடைகள்: குவாண்டம் தர்க்கமும் நிகழ்தகவும்

உங்கள் கேள்வியில் இரண்டு பகுதிகள் உள்ளன. எலக்ட்ரான், அணு போன்ற நுண்பொருள்களின் நடத்தையைச் சொல்லும் குவாண்டம் இயங்கியலுக்கு நாம் வழக்கமாகக் கையாளும் தர்க்கம் பொருந்தாது, வேறொரு தர்க்கம் வேண்டும் என்கிறார்களே, அது சரியா என்பது முதல் பகுதி. அங்கே 'நிகழ்தகவு 1/2' என்று எழுதும்போது அந்த 1/2 எதைக் குறிக்கிறது, நம் அறியாமையையா, இயற்கையின் குணத்தையா என்பது இரண்டாவது. பலர் இவற்றைத் தனித்தனியாகப் பேசுவார்கள். நீங்கள் சேர்த்துக் கேட்டது நல்லதாயிற்று. இரண்டும் ஒரே இடத்தில்தான் சிக்கிக்கொண்டிருக்கின்றன.

என் கருத்தை முன்பே சொல்லிவிடுகிறேன். நாம் சிந்திக்கப் பயன்படுத்தும் தர்க்கத்தை மாற்றவேண்டிய கட்டாயம் எதுவும் வரவில்லை. ஓர் அமைப்பைப் பற்றிக் கேட்கக்கூடிய எல்லாக் கேள்விகளுக்கும், யார் எப்படி அளந்தாலும் மாறாத விடைகள், ஒரே அட்டவணையில் முன்கூட்டியே நிரம்பியிருக்கும் என்ற எண்ணத்தைத்தான் கைவிடவேண்டியிருக்கிறது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் 'குவாண்டம் உலகில் இரண்டும் இரண்டும் நான்கல்ல' என்ற தோரணையில் எழுதப்படுபவை ஏராளம். அவற்றை நம்பாதீர்கள்.

எளிய உதாரணத்திலிருந்து தொடங்குவோம். எலக்ட்ரானின் தற்சுழற்சியை (spin, அதைச் சிறு காந்தம்போல் நடந்துகொள்ள வைக்கும் உள்ளார்ந்த குணம்) எந்தத் திசையில் அளந்தாலும் இரண்டே விடைகள்தான் கிடைக்கும். (1922இல் ஸ்டெர்னும் கெர்லாக்கும் வெள்ளி அணுக்களைக் காந்தப்புலத்தின் வழியாகச் செலுத்தியபோது கற்றை இரண்டாகப் பிரிந்தது இதனால்தான்.) செங்குத்துத் திசையில் அளந்தால் 'மேல்' அல்லது 'கீழ்', கிடைத்திசையில் அளந்தால் 'வலம்' அல்லது 'இடம்'. 'மேல்' என்ற நிலையில் தயாரான எலக்ட்ரானை மறுபடி செங்குத்தாக அளந்தால் தவறாமல் 'மேல்' வரும். அதையே கிடையாக அளந்தால் பாதித் தடவை வலம், பாதித் தடவை இடம்.

இப்போது கூற்றுகளைக் கவனியுங்கள். கிடையாக அளந்தால் வலமோ இடமோ வந்தே தீரும் என்பதால் 'வலம் அல்லது இடம்' எப்போதும் உண்மை. ஆகவே நம் எலக்ட்ரானுக்கு 'மேல், மற்றும் (வலம் அல்லது இடம்)' என்பதும் உண்மை. பள்ளியில் படித்த பங்கீட்டு விதிப்படி இதை '(மேல் மற்றும் வலம்) அல்லது (மேல் மற்றும் இடம்)' என்று விரித்து எழுதலாம். ஆனால் 'மேல்', 'வலம்' இரண்டும் ஒருங்கே உறுதியாக இருக்கும் நிலை என்று குவாண்டம் கோட்பாட்டில் ஒன்றுமே கிடையாது. 'மேல்', 'இடம்' இரண்டுக்கும் அதே கதை. விரிக்கும் முன் இருந்த கூற்று உண்மை, விரித்தெழுதிய கூற்று பொய்.

1936இல் கேரட் பிர்காஃப், ஜான் வான் நாய்மான் இருவரும் எழுதிய கட்டுரையின் கரு இதுதான். அவர்கள் பார்வையில் ஒரு கூற்று என்பது ஹில்பர்ட் வெளியில் (அமைப்பின் நிலைகளைத் திசைகளாகக் காட்டும் கணித வெளியில்) ஓர் உள்வெளி, அதாவது ஆதிப்புள்ளி வழியாகப் போகும் கோடு, தளம் போன்ற ஒரு பகுதி. 'மற்றும்' என்பது இரண்டு உள்வெளிகள் வெட்டிக்கொள்ளும் பகுதி. 'அல்ல' என்பது அதற்குச் செங்குத்தான உள்வெளி. 'அல்லது' மட்டும்தான் விஷயமே: அது இரண்டின் வெறும் தொகுப்பு அல்ல, இரண்டும் சேர்ந்து விரிக்கும் முழு வெளி. ஒரு தளத்தில் ஆதிப்புள்ளி வழியாக இரண்டு கோடுகள் வரையுங்கள். அவை சேர்ந்து விரிப்பது தளம் முழுவதையும். அதே தளத்தில் மூன்றாவதாக ஒரு கோடு வரைந்தால் அது தளத்துக்குள்தான் கிடக்கிறது, ஆனால் முதலிரண்டு கோடுகளையும் ஆதிப்புள்ளியில் மட்டுமே தொடுகிறது. பங்கீட்டு விதி பொய்ப்பது இந்த வடிவியலில்தான். இதில் மர்மம் எதுவும் இல்லை.

இங்கே ஒரு தவறான புரிதலைக் களைந்துவிட வேண்டும். இந்தக் குவாண்டம் தர்க்கத்தில் முரண்பாட்டுக்கு இடமில்லை. 'ஒரு கூற்றும் அதன் மறுப்பும் சேர்ந்து உண்மை' என்று அது எங்கும் சொல்வதில்லை. 'ஒரு கூற்று அல்லது அதன் மறுப்பு' என்பதும் அதில் எப்போதும் செல்லும். போவது பங்கீட்டு விதி ஒன்றுதான். ஷ்ரோடிங்கரின் கற்பனைச் சோதனையைக் காட்டி 'பூனை உயிரோடும் இருக்கிறது, செத்தும் இருக்கிறது' என்று சொல்பவர்கள் குவாண்டம் தர்க்கத்தைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

மும்மதிப்புத் தர்க்கம் வேறு பாதை. 1944இல் ஹான்ஸ் ரைஷன்பாக் உண்மை, பொய் ஆகியவற்றோடு 'நிர்ணயமற்றது' என்ற மூன்றாம் மதிப்பைச் சேர்த்துப் பார்த்தார். அது பெரிதாக வேரூன்றவில்லை. இதையே நீட்டி, 'நிகழ்தகவுதான் உண்மையின் அளவு' என்று சொல்லும் ஆசை பலருக்கும் வருகிறது. அது நடக்காது என்பதற்குக் குவாண்டம்கூடத் தேவையில்லை, நாணயம் ஒன்று போதும். தலை விழும் என்பதற்கு 1/2, விழாது என்பதற்கும் 1/2. 'தலை மற்றும் தலை' என்பதன் நிகழ்தகவு 1/2. 'தலை மற்றும் தலையல்ல' என்பதன் நிகழ்தகவு 0. பகுதிகளின் மதிப்புகள் இரண்டிலும் ஒன்றே, முழுக் கூற்றின் மதிப்போ வேறு. பகுதிகளின் உண்மை மதிப்பிலிருந்து முழுக் கூற்றின் மதிப்பைக் கணக்கிடும் எந்தத் தர்க்கமும் நிகழ்தகவுக்குப் பொருந்தாது.

இனி நிகழ்தகவுக்கு வருவோம். 1933இல் கணிதவியலாளர் கோல்மகோரவ் நிகழ்தகவுக்கு அமைத்த அடிப்படையில் எல்லா நிகழ்ச்சிகளும் ஒரே கூறுவெளியின் (நடக்கக்கூடிய எல்லா விளைவுகளும் அடங்கிய கணத்தின்) உட்கணங்கள். உட்கணங்கள் பங்கீட்டு விதிக்குக் கட்டுப்பட்டவை. அதிலிருந்துதான் முழு நிகழ்தகவு விதி வருகிறது: ஒன்று நடப்பதற்கான நிகழ்தகவு, அது நடக்கக்கூடிய வழிகள் ஒவ்வொன்றின் நிகழ்தகவையும் கூட்டினால் கிடைப்பது. நம் எலக்ட்ரானில் இதைப் போட்டுப் பாருங்கள். 'மேல்' நிலையில் தொடங்கி, வலம் வழியாக மறுபடி 'மேல்' வர 1/2 × 1/2 = 1/4. இடம் வழியாகவும் 1/4. கூட்டினால் 1/2. நடுவில் உண்மையாகவே கிடைத்திசையில் அளந்தால் இந்த 1/2தான் வருகிறது. அளக்காமல் விட்டால் வருவது 1. பங்கீட்டு விதி பொய்த்த அதே இடத்தில் முழு நிகழ்தகவு விதியும் பொய்க்கிறது.

கோட்பாடு இதைக் கையாளும் விதம் தெரிந்ததுதான். நிகழ்தகவுகளுக்குப் பதில் வீச்சுகளை (வர்க்கமாக்கினால் நிகழ்தகவு தரும், எதிர்மறையாகவும் இருக்கக்கூடிய எண்களை) கூட்டிவிட்டுப் பிறகு வர்க்கமாக்க வேண்டும். இங்கே ஒவ்வொரு வழியின் வீச்சின் அளவும் 1/2; அதன் வர்க்கம்தான் மேலே வந்த 1/4. 'மேல்' வருவதற்கு 1/2 + 1/2 = 1; 'கீழ்' வருவதற்கு 1/2 − 1/2 = 0. 1926இல் மாக்ஸ் போர்ன் இந்த விதியை முன்வைத்தபோது கட்டுரையில் வீச்சையே நிகழ்தகவு என்று எழுதிவிட்டு, அச்சுப்படி திருத்தும்போது அடிக்குறிப்பில் 'வர்க்கம்' என்று சேர்த்தார். அந்த விதிக்குத்தான் 1954இல் நோபல் பரிசு. இயற்பியலில் இதைவிடச் செலவு குறைந்த அடிக்குறிப்பு இருக்கமுடியாது.

இந்த இடத்தில் ஓர் எதிர்வாதத்துக்கு நியாயமாக இடம்தர வேண்டும். நடுவில் அளக்கும் சோதனை ஒன்று, அளக்காத சோதனை இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனிக் கூறுவெளி வைத்துக்கொண்டால் கோல்மகோரவுக்கு ஒரு குறையும் இல்லையே? ஆம், இல்லை. ஒவ்வொரு சோதனைக்குள்ளும் நிகழ்தகவு வழக்கம்போலவே நடக்கிறது. இன்னொன்றும் சொல்லவேண்டும்: நான் எடுத்துக்கொண்ட தற்சுழற்சி உதாரணம் இரு பரிமாண வெளியைச் சேர்ந்தது. அந்த ஒற்றை எலக்ட்ரானுக்கு எல்லாத் திசை விடைகளையும் முன்கூட்டியே நிரப்பிவைத்த மறைவான அட்டவணையை எழுதிக்காட்ட முடியும். 1966இல் வெளியான கட்டுரையில் ஜான் பெல் எழுதியும் காட்டினார். ஆக, உள்வெளிகளில் பங்கீட்டு விதி பொய்க்கிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு 'அட்டவணை கிடையாது' என்று முடிவு கட்ட முடியாது. குவாண்டம் தர்க்கத்தைப் பற்றிய அறிமுகங்கள் பெரும்பாலும் இந்த ஓட்டையை மூடாமல் தாண்டிப் போய்விடுகின்றன.

ஓட்டையை மூடுவது கோஷன், ஸ்பெக்கர் இருவரின் 1967ஆம் ஆண்டுத் தேற்றம். முப்பரிமாணத்தில் 117 திசைகளை வைத்து அவர்கள் நிறுவினார்கள். பின்னால் வந்தவர்கள் அதை வெகுவாகச் சுருக்கினார்கள். 1996இல் கபெல்லோவும் உடன் எழுதியவர்களும் தந்த நான்கு பரிமாண வடிவத்தைக் காகிதம் இல்லாமலே பின்தொடரலாம். ஒவ்வொரு திசையும் ஓர் ஆம்/இல்லை கேள்வி. ஒன்றுக்கொன்று செங்குத்தான நான்கு திசைகள் சேர்ந்தால் ஓர் அளவீடு. அதில் சரியாக ஒரு திசைக்கு மட்டுமே 'ஆம்' வரும். அவர்கள் 18 திசைகளைத் தேர்ந்தெடுத்து 9 அளவீடுகளாக அடுக்கினார்கள். ஒவ்வொரு திசையும் சரியாக இரண்டு அளவீடுகளில் இடம்பெறுகிறது. இனி, எல்லா விடைகளும் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கின்றன என்று வைத்துக்கொண்டு 'ஆம்'களை எண்ணுங்கள். அளவீட்டுக்கு ஒன்று வீதம் மொத்தம் 9. ஆனால் 'ஆம்' பெற்ற ஒவ்வொரு திசையும் இரண்டு முறை எண்ணப்பட்டிருப்பதால் மொத்தம் இரட்டைப்படை எண்ணாக இருந்தாக வேண்டும். ஒன்பது இரட்டைப்படை இல்லை. அவ்வளவுதான் நிரூபணம்.

இதில் ஒளிந்திருக்கும் அனுமானம் ஒன்றே ஒன்று: ஒரு திசைக்கான விடை, அதோடு வேறு எந்த மூன்று திசைகளைச் சேர்த்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்ததல்ல. அந்த அனுமானத்தோடு அட்டவணை இருக்கமுடியாது. நான் இந்த எண்ணிக்கையைச் செய்தது முழுக்க மரபான தர்க்கத்தில் என்பதையும் கவனியுங்கள். பங்கீட்டு விதியை நம்பாத ஒருவரால் இந்த நிரூபணத்தை இப்படிச் செய்திருக்கவே முடியாது.

இரண்டு துகள்களை இரண்டு இடங்களில் அளக்கும்போது இதே செய்தி எண்ணாக வெளிப்படுகிறது. ஒவ்வோர் இடத்திலும் இரண்டு அளவீடுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்; விடை +1 அல்லது −1. நான்கு சேர்க்கைகளுக்கும் விடைகளின் பெருக்கல் சராசரியை எடுத்து, மூன்றைக் கூட்டி நான்காவதைக் கழியுங்கள். அட்டவணை ஒன்று இருந்து, ஓரிடத்துத் தேர்வு மற்ற இடத்து விடையை மாற்றாது என்றால், அட்டவணையின் ஒவ்வொரு வரியும் +2 அல்லது −2 தரும். ஆகவே சராசரி 2ஐத் தாண்டாது. குவாண்டம் கோட்பாடு 2√2 வரை, ஏறத்தாழ 2.83 வரை, போகிறது. பெல் 1964இல் தொடங்கிவைத்த இந்த வழிக்கு 1969இல் நான்கு பேர் சேர்ந்து மேற்சொன்ன வடிவம் தந்தார்கள். 1982இல் அலான் அஸ்பே குழு தேர்வுகளைச் சோதனையின் நடுவே மாற்றியபடி அளந்தது. 2015இல் டெல்ஃப்ட், வியன்னா, போல்டர் ஆகிய மூன்று இடங்களில் முக்கியமான ஓட்டைகள் அனைத்தும் ஒரே சோதனையில் அடைக்கப்பட்டன. எல்லாவற்றிலும் இந்த வகை வரம்பு மீறப்பட்டது. அஸ்பே, கிளாசர், ட்ஸைலிங்கர் மூவருக்கும் 2022இல் நோபல் பரிசு கிடைத்தது இந்த வகைச் சோதனைகளுக்காகத்தான்.

உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமானது 1982இல் தத்துவவாதி ஆர்தர் ஃபைன் காட்டியது. நான்கு அளவீடுகளுக்கும் சேர்த்து ஒரே கூட்டு நிகழ்தகவுப் பரவல் (நான்கின் விடைகளுக்கும் ஒருங்கே நிகழ்தகவு தரும் ஒரே பட்டியல்) இருக்கிறது என்பதும், '2ஐத் தாண்டாது' என்பது போன்ற இந்தச் சமனிலிகள் நிறைவேறுகின்றன என்பதும் கணக்கில் ஒன்றே. அதாவது 2ஐத் தாண்டுவதென்றால் ஒரே கூறுவெளி இல்லை என்று பொருள். இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த சமனிலிகளை 1862இலேயே எழுதியவர் யார் தெரியுமா? மரபுத் தர்க்கத்தின் இயற்கணிதம் எவர் பெயரைத் தாங்குகிறதோ அதே ஜார்ஜ் பூல். புள்ளிவிவரங்கள் ஒரே மக்கள்தொகையிலிருந்து வந்தவையா என்று சோதிக்கும் நிபந்தனைகளாக அவர் அவற்றைப் பார்த்தார்.

கூறுவெளியைத் தொடாமல் எண்களை மாற்றும் வழியும் உண்டு. 1932இல் விக்னர் எழுதிய கணிதச் சார்பில் (function) துகளின் இருப்பிடம், உந்தம் இரண்டுக்கும் ஒரே பரவல் கிடைக்கிறது, ஆனால் சில இடங்களில் அது சுழிக்குக் கீழே போகிறது. கணக்குக்கு மிகவும் உதவும். எதிர்மறை நிகழ்தகவு என்றால் என்ன என்று கேட்டால் எனக்குத் திருப்தியான விடை கிடைத்ததில்லை.

நிகழ்ச்சிகளின் அமைப்பை மாற்றும் வழிக்கு, அதாவது குவாண்டம் தர்க்கத்துக்கு, கிடைத்த பெரிய வெற்றி 1957இல் ஆண்ட்ரூ கிளீசன் நிறுவிய தேற்றம். ஜார்ஜ் மேக்கி எழுப்பிய கேள்விக்கான விடை அது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பரிமாணங்கள் உள்ள வெளியில் ஒவ்வொரு திசைக்கும் எதிர்மமல்லாத ஓர் எண்ணைக் கொடுங்கள். நிபந்தனை ஒன்றுதான்: ஒன்றுக்கொன்று செங்குத்தான முழுத் தொகுதி எதை எடுத்தாலும் எண்கள் கூடி 1 ஆக வேண்டும். ஓர் எண், திசையை மட்டும் பொறுத்தது. எந்தத் தொகுதியில் இருக்கிறது என்பதைப் பொறுத்ததல்ல. இவ்வளவு சொன்னால் போதும், போர்ன் விதியைத் தவிர வேறு வழியே இல்லை. எண்கள் சீராக மாறவேண்டும் என்றுகூட முன்கூட்டிக் கேட்கவில்லை. வர்க்கம் எங்கிருந்து வந்தது என்று மாணவர்கள் கேட்கும்போது 'சோதனை அப்படிச் சொல்கிறது' என்பதோடு நிறுத்தவேண்டியதில்லை. கூற்றுகளின் அமைப்பை ஏற்றுக்கொண்டாலே அது கூடவே வந்துவிடுகிறது.

ஆனால் கிளீசன் சொல்வது எண்களின் வடிவத்தை. அந்த எண் எதைப் பற்றியது என்பதை அவர் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. இந்த இடைவெளியைத் தர்க்கத்தாலேயே நிரப்பப் பார்த்தவர் தத்துவவாதி ஹிலரி புட்னம். 1968இல் அவர் வாதிட்டது துணிச்சலானது: யூக்ளிடின் வடிவியலைச் சார்பியல் இடம்பெயர்த்ததுபோல் மரபுத் தர்க்கத்தையும் அனுபவம் இடம்பெயர்க்கலாம், பங்கீட்டு விதியைக் கைவிட்டால் இரட்டைப் பிளவுச் சோதனையின் முரண் தானாகக் கரைந்துவிடும். எலக்ட்ரான் முதல் பிளவு வழியாகவோ இரண்டாவது பிளவு வழியாகவோ போனது என்பதும் உண்மை, இரண்டு பிளவுகளும் திறந்திருக்கும்போது திரையில் அலைகளைப்போல் விழும் குறுக்கீட்டுக் கோலமும் உண்மை.

எனக்கு இது ஏற்புடையதல்ல. 'வலம் அல்லது இடம்' உண்மை, ஆனால் வலமும் உண்மையல்ல, இடமும் உண்மையல்ல என்றால், அந்த 'அல்லது' நாம் அறிந்த 'அல்லது' அல்ல. 'அளந்தால் இரண்டில் ஒன்று வரும்' என்ற வாக்குறுதி மட்டுமே. மைக்கேல் டம்மெட் 1976இல் எழுதிய மறுப்பும் ஏறத்தாழ இந்தத் திசையில்தான் போகிறது. நிகழ்தகவுப் பக்கமும் இடறுகிறது. மேல், வலம் போல ஒருங்கே அளக்கமுடியாத கூற்றுகளுக்கு நிபந்தனை நிகழ்தகவை (ஒன்று நடந்தது என்று தெரிந்தபின் மற்றதன் நிகழ்தகவை) வழக்கமான வகுத்தல் சூத்திரத்தால் எழுத முடியாது. 1951இல் லூடர்ஸ் தந்த விதி வேண்டும், அந்த விதியோ அளவீட்டால் நிலை மாறுவதை உள்ளே வைத்திருக்கிறது. எந்தச் சிக்கலைத் தர்க்கம் கரைத்துவிட்டதாகச் சொன்னார்களோ அது பின்வாசல் வழியே திரும்பி வந்துவிடுகிறது. புட்னமே பிற்காலத்தில் தம் நிலைப்பாட்டைக் கைவிட்டார்.

தர்க்கத்தை மாற்றியே ஆகவேண்டும் என்பதற்கு நேரடி எதிர்ச்சான்று 1952இல் டேவிட் போம் தந்த கோட்பாடு. அதில் துகளுக்கு எப்போதும் திட்டமான இடம் உண்டு, தர்க்கம் மரபானது, நிகழ்தகவு என்பது தொடக்க இடங்களைப் பற்றிய நம் அறியாமை. சார்பியல் விளைவுகளைப் புறக்கணிக்கும் எல்லைக்குள் அதன் கணிப்புகள் வழக்கமான கோட்பாட்டோடு ஒத்துப்போகின்றன. கொடுக்கும் விலை வேறு: தொலைவிலுள்ள கருவியின் அமைப்பு இங்குள்ள துகளை உடனே பாதிக்கிறது, தற்சுழற்சியின் விடை அளக்கும் கருவியைச் சார்ந்ததாகிறது. அந்த விலை சிலருக்கு அதிகமாகத் தோன்றலாம். ஆனால் 'இயற்கை நம் தர்க்கத்தைப் பறித்துவிட்டது' என்று இதற்குப் பிறகும் சொல்ல முடியாது.

மற்ற விளக்கங்களை வேகமாகக் கடக்கிறேன். நிகழ்தகவைத் தொடர் சோதனைகளின் விகிதம் என்று கொள்வது ஆய்வகத்துக்குப் போதும், ஒற்றை நிகழ்வைப் பற்றி அது வாய் திறக்காது. கார்ல் பாப்பர் நிகழ்தகவை முழுச் சோதனை அமைப்புக்கும் உள்ள நாட்டம் என்றார். அளக்கும் சூழலைப் பொறுத்தே கேள்விக்குப் பொருள் உண்டு என்பதோடு இது நன்றாகப் பொருந்துகிறது. எவரெட்டின் 1957ஆம் ஆண்டுப் பார்வையில் எல்லா விடைகளும், உலகின் தனித்தனிக் கிளைகளில், நடக்கின்றன. அப்படியானால் 1/2 என்பதற்கு என்ன பொருள் என்ற கேள்விக்கு, பகுத்தறிவுள்ள ஒருவர் எப்படிப் பந்தயம் கட்டுவார் என்பதிலிருந்து விடை காண 1999இல் டாய்ச் முயன்றார், வாலஸ் அதை வளர்த்தார். அங்கே 'பகுத்தறிவு' என்ற சொல் தாங்கக்கூடியதைவிட அதிகச் சுமையைத் தாங்குகிறது என்பது என் எண்ணம். கேவ்ஸ், ஃபுக்ஸ், ஷாக் மூவரும் 2002இல் தொடங்கிவைத்த பார்வை இன்னும் வெளிப்படையானது: நிகழ்தகவு ஒருவரின் நம்பிக்கையின் அளவு, போர்ன் விதி அந்த நம்பிக்கைகள் ஒன்றோடொன்று இசைவாக இருக்கவேண்டிய நெறி. முரணற்ற, நேர்மையான பார்வை. ஆனால் நம்பிக்கைகள் ஏன் இந்த நெறிக்கே கட்டுப்பட வேண்டும் என்று கேட்டால் அது உலகைப் பற்றிய செய்தி என்கிறார்கள். உலகைப் பற்றிய அந்தச் செய்தி என்ன என்பதுதான் நம் கேள்வியே.

தர்க்கம் மாறும் இன்னொரு முயற்சி 1998 முதல் இஷாம், பட்டர்ஃபீல்டு இருவரும் தொடங்கியது. அதில் பங்கீட்டு விதி தப்பிவிடுகிறது. 'ஒரு கூற்று அல்லது அதன் மறுப்பு' என்பதுதான் போய்விடுகிறது. உண்மை மதிப்பு ஒவ்வோர் அளவீட்டுச் சூழலுக்கும் தனித்தனியாகக் கணிக்கப்பட்டுப் பின் கோக்கப்படுகிறது. குவாண்டம் கூற்றுகளை எந்த விதியை விட்டுக்கொடுத்து எழுதுவது என்பது நம் தேர்வு என்பதற்கு இதுவே நல்ல சாட்சி.

ஒரே அட்டவணையைக் கைவிட்டால் குவாண்டம் கோட்பாடு கைக்கு வந்துவிடுமா? வராது. மேலே சொன்ன கூட்டல் கழித்தலின் உச்ச மதிப்பு 4. ஒளியை விஞ்சிச் செய்தி அனுப்பாமலே 4ஐத் தொடும் கற்பனைக் கருவியை 1994இல் பொபெஸ்குவும் ரோர்லிக்கும் எழுதிக்காட்டினார்கள். அதற்கும் ஒரே கூறுவெளி கிடையாது. அப்படியிருக்க, இயற்கை ஏன் 2.83இல் நிற்கிறது? ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பும் செய்தியின் அளவை மீறி, அனுப்புபவரின் தரவைப் பெறுநர் அறியமுடியாது என்ற நெறியிலிருந்து இந்த எல்லை வந்துவிடுகிறது என்று 2009இல் காட்டினார்கள். ஆனால் இருவருக்கிடையே மட்டும் பேசும் இத்தகைய எந்த நெறியும் மூவரின் தொடர்புகளுக்குப் போதாது என்பது 2011இல் தெரிந்தது. நீங்கள் இதில் மேலே படிப்பதானால், பங்கீட்டு விதியைவிட இந்த 2.83ஐப் பின்தொடர்ந்து போகவே பரிந்துரைப்பேன்.